ஒரு ஃபிரிட்ஜும் நாலு ஊசியும்

ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து கசிந்து வந்த தண்ணீர் லிஃப்ட்காரரின் கால் பெருவிரலை நனைத்தபோது மணி பன்னிரண்டு.

குனிந்து பார்த்தார். பிளக் தரையில் கிடந்தது. சுவரில் துளை போடுவதற்காகக் காலை எட்டு மணிக்கு அவரே பிடுங்கிப் போட்டது.

“போச்சு!”

மேல்தட்டில் மனைவியின் மருந்துப் பெட்டி இருந்தது. உள்ளே நாலு ஊசி. தொட்டுப் பார்த்தார். குளிர்ச்சியின் சுவடே இல்லை.

மனைவி தையற்காரி; காலையிலேயே கடைக்குப் போயிருந்தாள். முடக்குவாதம். உடம்பின் காவல்படையே சொந்த மூட்டுகளைப் பகையாளியாக நினைத்துத் தாக்குகிற வியாதி. இரண்டு வருஷம் ஆன்டிபாடி ஊசி போட்டார்கள். பிறகு அது கேட்காமல் போய், விரல்கள் வீங்கி, கத்திரிக்கோல் பிடிக்க முடியாமல், கடையை மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை. அப்போதுதான் டாக்டர் பரிசோதனையில் இருக்கும் புது மருந்துக்குச் சேர்த்துக்கொண்டார்.

“ஆன்டிபாடி செய்யற வேலையைத்தான் இதுவும் செய்யும். ஆனா இது சைஸ்ல அதுல இருபதுல ஒரு பங்குதான். கம்ப்யூட்டர்ல வடிவமைச்ச குட்டிப் புரதம். வீக்கத்தைக் கிளப்பிவிடற பொருளைத் தேடிப் போய்க் கவ்விப் பிடிச்சுக்கும்.”

கவ்வித்தான் பிடித்தது. போன வாரம் அவள் தானே ஊசியில் நூல் கோத்தாள். கோத்ததை உருவிவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை கோத்துப் பார்த்தாள்.

அந்த மருந்து வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே கண்டிப்பு. “மருந்து கெட்டுடும். ஃபிரிட்ஜை நீங்க தொடவே தொடாதீங்க. எது வேணும்னாலும் என்னைக் கேளுங்க.” குளிர்ந்த தண்ணீருக்குக்கூட அவர் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது.

நாளைக்கு அடுத்த ஊசி. காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது.

பிளக்கைச் சொருகினார். ஃபிரிட்ஜ் ஒரு முறை உறுமிவிட்டு அடங்கியது. முப்பதாவது மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டையே இறக்குகிறவருக்கு இது என்ன பிரமாதம்? திருப்புளியை எடுத்துப் பின்பக்கத்தைக் கழற்றினார். ஐந்தாவது நிமிஷம் வீடு முழுக்கக் கரண்ட் போனது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டு டீச்சரிடம் ஓடினார்.

“தொத்து வியாதியா?”

“இல்லம்மா, மூட்டு.”

“அப்ப தாராளமா வைங்க.”

அரை மணி நேரம் கழித்து, மனம் கேட்காமல் மறுபடி மேலே போனார். “ஜில்லுனு இருக்குங்களா?”

“அது எங்க ஜில்லுனு இருக்கு? கரண்ட் பில் எகிறுதுன்னு போன மாசமே அதை ஆஃப் பண்ணிட்டேன். எறும்பு வராதுன்னு சாமான் வெச்சிருக்கேன்.”

“அதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?”

“நீங்க கேட்டீங்களா?”

மிச்சமிருந்தது மச்சினனின் ஐஸ்கிரீம் கடை. மனைவியின் தம்பி. அவனிடம் ஒன்றைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. வேறு வழியில்லை.

“அக்காகிட்ட மூச்சு விட மாட்டேன் மாமா. சத்தியமா.”

“ஜில்லுனு இருந்தா போதும்டா.”

“இதைவிட ஜில்லு எங்கயும் கிடையாது மாமா!”

அவர் ஃப்யூஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது பெட்டி மேல் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. ஆட்டிப் பார்த்தார். உள்ளே எல்லாம் கல்.

“அடப்பாவி! ஐஸ்கிரீமுக்குள்ளயா வெச்ச?”

“நீங்கதானே ஜில்லுனு சொன்னீங்க? பதறாதீங்க மாமா. பக்கத்துல சலூன் இருக்கு.”

சலூன்காரர் வாடிக்கையாளரைப் பாதித் தலையோடு உட்காரவைத்துவிட்டு, முடி உலர்த்தும் மெஷினை ஊசிகளை நோக்கித் திருப்பினார்.

“சூடு ரெண்டுல வைக்கவா, மூணுலயா?”

“யோவ், குளிரக் கூடாது, சுடவும் கூடாது. நடுவுல வைய்யா!”

நடுவில் என்பது அந்த மெஷினில் இல்லை. ஊசிகளைத் தொட்டபோது லிஃப்ட்காரர் கையை உதறினார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, தம்பி இப்பதான் போன் பண்ணான். அந்த மருந்தைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு...”

துண்டித்தார். போனையே அணைத்துவிட்டார். சத்தியத்தின் ஆயுள் ஒரு மணி நேரம்கூட இல்லை.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். பரிசோதனைக்குப் பொறுப்பான நர்ஸின் மேஜைமேல் பெட்டியை வைத்தார். பிளக், டீச்சர், ஐஸ்கிரீம், சலூன் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

“இதுக்காக அவளைப் பரிசோதனையில இருந்து நீக்கிடாதீங்க சிஸ்டர். தப்பு முழுக்க என்னோடது. இப்பதான் அவ கத்திரியைப் பிடிக்கறா. மறுபடி அந்தக் கையை என்னால பார்க்க முடியாது.”

நர்ஸ் ஓர் ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யாரையும் நீக்க மாட்டோம் சார். இப்படி அலைக்கழிஞ்ச ஊசியை உடம்புல போடக் கூடாதுங்கறது எங்க விதி. அதனால வேற பெட்டி தர்றேன். ஆனா இது பழைய ஆன்டிபாடி மாதிரி இல்லை. குட்டியா, இறுக்கமா மடிஞ்ச புரதம். கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தாலும் ஆறினதும் பழைய வடிவத்துக்கு வந்துடும். சும்மா அலமாரியில வெச்சா போதும். ஃபிரிட்ஜே வேண்டாம்.”

லிஃப்ட்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அப்ப என் மனைவி மூணு மாசமா எதுக்கு...?”

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“ஓ... ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட முடியல, அதனால உள்ளே இருக்கற இனிப்புக்குக் காவலா மருந்தை வெச்சிருக்கேன்னு அக்கா சொன்னாங்களே, அந்தச் சர்க்கரை வியாதிக்காரர் நீங்கதானா?”