கழுத்தில் தொங்கிய அட்டை

இன்றைக்கும் அட்டை அந்த நெட்டைப் பெண்ணின் கழுத்தில்தான் தொங்கியது. அரபி சொல்லிக்கொடுக்கும் ஆலிமாவுக்குத் தலை சுற்றியது. மதரஸாவிலேயே சரளமாக அரபி பேசுகிறவள் அவள்தான்.

"ஏம்மா, வகுப்புல அப்படிப் பொளந்து கட்டுற. விடுதிக்குப் போனா உனக்கு என்ன ஆகுது?"

"ஆலிமா, அது வந்து..."

"தமிழ்ல சொல்லாதே! அரபியில சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். வாசலில் வார்டனம்மா சாவிக்கொத்தோடு வந்து நின்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

விடுதியில் இனி அரபியில்தான் பேச வேண்டும் என்பது ஆலிமாவின் ஏற்பாடு. மீறுகிறவள் கழுத்தில் அட்டை. அன்றைய பாத்திரம் கழுவும் வேலையெல்லாம் அவள் தலையில். மதரஸாவை நடத்தும் ஹாஜியார் வியாழக்கிழமை வந்து பார்ப்பார். பிள்ளைகள் அரபி பேசாவிட்டால் வகுப்பும் போச்சு, ஆலிமாவின் வேலையும் போச்சு.

"தப்பாப் பேசுற பிள்ளைக்கு மாட்டுங்க, பாவ புண்ணியம் பாக்காதீங்க" என்று வார்டனம்மாவிடம் ஆலிமாதான் அட்டையைக் கொடுத்திருந்தார்.

"ஒரு அட்டை பத்தாது போலிருக்கே" என்றார் இப்போது.

"நானே கேக்கணும்னு இருந்தேன். ஒரு கட்டாக் குடுங்க."

மறுநாள் முன்வரிசை முழுக்க அட்டை. கடைசி வரிசை மக்குகள் கழுத்தில் ஒன்றுகூட இல்லை! ஆலிமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாத்திரத்தோடு கழிப்பறையையும் கழுவ வேண்டும் என்று தண்டனையைக் கூட்டினார். அதன்பின் வகுப்பிலும் பேச்சு நின்றது. அரபியில் கேள்வி கேட்டால் பிள்ளைகள் வாசலைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை ஹாஜியார் வந்து உட்கார்ந்தார். ஆலிமா நெட்டைப் பெண்ணை முன்னால் தள்ளினார். "உன் பெயர் என்ன?" என்று அரபியில் கேட்டார் ஹாஜியார்.

அவள் ஓரக்கண்ணால் வார்டனம்மாவைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க."

"சொந்தப் பேரே தெரியாதா?" ஹாஜியார் எழுந்துவிட்டார். "ஆலிமா, இதைத்தான் இத்தனை நாளாச் சொல்லிக்குடுத்தீங்களா?"

ஆலிமாவுக்குக் கண் கலங்கியது. வார்டனம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவங்களை ஏன் ஹாஜியார் கோவிச்சுக்கிறீங்க? அந்த அட்டை மட்டும் இல்லேன்னா இவளுங்க இன்னும் எனக்குப் புரியாத ஏதோ பாஷையில ராவும் பகலும் வளவளன்னு பேசிட்டுத் திரிஞ்சிருப்பாளுங்க. பிடிச்சுப் பிடிச்சு மாட்டினேன், இப்பப் பாருங்க, ஒருத்தி விடாம தமிழ்தான்!"