மாமியாருக்கு எதிராக ஓர் ஒற்றன்

என் தலைநகரம் எதிரியிடம் விழுந்தபோது நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். எதிரி என் மாமியார். இரண்டையும் ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கம் எதுவும் இல்லை. அன்றைக்கு இருந்தது. சோபாவுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று யோசிக்கும் அளவுக்கு இருந்தது (புக முடியாது, தீபாவளி பிஸ்கட் டின்களை அங்கேதான் அடுக்கியிருந்தார்கள்).

கணினியில் ஊர்களை எழுப்பி, வயல் போட்டு, படை திரட்டி, அடுத்தவர் ஊரைப் பிடிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு அதில் பைத்தியம். பகலில் ஜொகூர் பாரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பேன். தம்போய் வீட்டுக்குத் திரும்பியதும் பேரரசனாகிவிடுவேன். அதிலும் ஒற்றர் வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பினேன். எதிரியின் ஊருக்குள் ஓர் ஒற்றனை நுழைத்துவிட்டால் அந்த ஊரின் தகவல் திரை நமக்கும் திறக்கும். எத்தனை மக்கள், எவ்வளவு தானியம், மதில் உண்டா, காவலுக்கு எத்தனை பேர், எல்லாம் தெரிந்துவிடும். நான் அதை ஒரு பார்வை பார்த்தாலே போதும் என்று தேவியிடம் பீற்றிக்கொள்வேன். தேவி என் மனைவி. அவள் அப்போது ஏழு மாதம்.

அவளைப் பார்த்துக்கொள்ள யோங் பெங்கிலிருந்து அவள் அம்மா, அதாவது அத்தை, வந்து தங்கினார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் மேற்பார்வை செய்து ஓய்வுபெற்றவர். நான் விளையாடுவதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை, அந்த ஊர்ல இருக்குற அத்தன பேருக்கும் சாப்பாடு இருக்கா?"

"அதெல்லாம் தானா வரும் அத்தை. சண்டைதான் முக்கியம்."

"ஓ," என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் தேவியின் பழைய மடிக்கணினியில் அவரே விளையாடிக்கொண்டிருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தகவல் திரையின் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிப்பார். ஒரு ஊரைப் படித்து முடிக்க அவருக்கு ஒரு கோப்பை தேநீர் ஆகும். எனக்குச் சிரிப்பாக வரும்.

இதற்கிடையே வீட்டில் உண்மையான போர் ஒன்று மூண்டது. வயிற்றில் இருப்பது பெண் குழந்தை என்று தெரிந்திருந்தது. 'விஜயசாம்ராஜ்யலட்சுமி' என்று பெயர் வைக்க நான் முடிவு செய்திருந்தேன். அத்தை 'இனியா' என்றார்.

"மூணே எழுத்து அத்தை! ஒரு கம்பீரம் வேணாமா?"

"மாப்பிள்ளை, என் பேரு சௌந்தரநாயகி. எந்த கவுண்டர்லயும் ஒருத்தனும் இதுவரைக்கும் ஒழுங்கா கூப்பிட்டதில்ல. பாரத்துல எழுத கட்டம் பத்தாது. என் பேத்திக்கு அந்தப் பாடு வேணாம்."

பேச்சு வளர்ந்தது. கடைசியில் தீபாவளியன்று யோங் பெங் வீட்டில் தேவியின் மாமா தியாகு தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேரும் அந்த கேம்லயே அடிச்சுக்குங்க லா. ஜெயிக்கிறவங்க பேரு வைக்கட்டும்."

"எனக்கு ரெண்டு பேரும் வாய மூடுனா போதும்," என்றாள் தேவி.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆட்டம் தொடங்கியது. அத்தை சாப்பாட்டு மேசையில், டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சத்தியமும் செய்தார். நான் என் மடிக்கணினியைக் கூடத்து டிவியில் இணைத்தேன். என் திறமையைச் சொந்தக்காரர்கள் பெரிதாகப் பார்க்க வேண்டும் அல்லவா? மடிக்கணினியைப் பக்கத்தில் இருந்த தேவியின் முன் வைத்துவிட்டு, நான் மவுஸை மட்டும் கையில் பிடித்து, டிவியைப் பார்த்தபடி சாய்ந்துகொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் என் ஒற்றன் அத்தையின் தலைநகரத்துக்குள் நுழைந்துவிட்டான். "பாருங்க மாமா, இப்ப உள்ள என்ன இருக்குன்னு காட்டுறேன்," என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்து, ஊர்ப் பட்டியலில் அம்புக்குறி நின்ற இடத்தைத் தட்டித் தகவல் திரையைத் திறந்தேன். ஆகா! தானியக் கிடங்கு காலி. மதில் பாதியில் நிற்கிறது. காவலுக்கு இரண்டே பேர். மக்கள் மூன்று சுற்றாகப் பட்டினி, கோபத்தில் கொதிக்கிறார்கள்.

"அலமாக்!" என்றார் தியாகு மாமா. "என்ன இப்படிக் கெடக்கு?"

"இதுதான் மாமா, ஆளத் தெரியாதவங்க கையில ஊரு கெடச்சா இப்படித்தான் ஆகும். கிடங்குல ஒரு மணி இல்ல. இந்த ஊர ஆள்றவங்களுக்கு மண்டையில ஏதாவது இருக்கா?"

கூடமே சிரித்தது. மேசையிலிருந்து அத்தையின் குரல் குழப்பமாக வந்தது. "என் ஊர்ல நெறைய சாப்பாடு இருக்கே, மாப்பிள்ளை?"

"அத்தை நல்லா நடிக்கிறாங்க," என்று மாமாவிடம் கண்ணடித்தேன்.

தேவி என் முழங்கையை இடித்தாள். "ஏங்க, இங்க மேல பாருங்க."

"போர் நேரத்துல பேசக்கூடாது."

"ஏங்க, ஊரு பேரு..."

"பேரு யாரு வைக்கிறதுன்னு இப்ப தெரிஞ்சிடும், சும்மா இரு!"

அவள் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். அந்த முகத்தை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

என் நாட்டில் இருந்த அத்தனை படையையும், கடைசிக் குதிரை வரைக்கும், அத்தையின் தலைநகரத்துக்கு அனுப்பினேன். இரண்டு காவலர்களுக்கு எதிராக நாற்பது படை. போய்ச் சேர்ந்தபோது அங்கே வானளவு மதில் நின்றது. மதில்மேல் வில்லாளிகள் பிதுங்கி வழிந்தார்கள். நாற்பதும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நான் வாயில் முறுக்கோடு அப்படியே உட்கார்ந்திருக்க, வேறு ஒரு திசையிலிருந்து ஒரு சின்னப் படை வந்து என் தலைநகரத்தின் பாதி மதிலைத் தாண்டி உள்ளே நடந்தது. தடுக்க இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டே பேர்.

அப்போதுதான் அந்த எண் எனக்கு உறைத்தது.

தேவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். அந்தப் பழைய டிவியில் படத்தின் மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. ஊரின் பெயர் வருவது அந்த ஓரத்தில்தான். 'உங்கள் ஒற்றன் பிடிபட்டான்' என்ற அறிவிப்பு வந்ததும் அங்கேதான். நான் முறுக்குக்குக் குனிந்த நேரத்தில் அத்தை என் ஒற்றனைப் பிடித்துவிட்டார். அவருடைய ஊர் என் பட்டியலிலிருந்து மறைந்துபோக, அம்புக்குறி அடுத்த ஊருக்குத் தாவியிருந்தது. அடுத்த ஊர் என் சொந்தத் தலைநகரம். அத்தனை பேர் முன்னால், அத்தனை சத்தமாக, நான் திட்டியது என்னைத்தான்.

விஷயம் புரிந்ததும் தியாகு மாமா தரையில் உட்கார்ந்து சிரித்தார். எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. இன்னமும் முதுகு காட்டியபடி, விரல் வைத்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, கோச்சுக்காதீங்க. உங்க ஊர எடுத்துக்கிட்டேன்."

"பரவால்ல அத்தை."

"அங்க எல்லாரும் பசியோட இருக்காங்க. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. எங்க ஊர்லேர்ந்து மொதல்ல தானியம் அனுப்பிட்டேன். நீங்க கவலப்படாதீங்க."

எத்தனை வருடமாக இந்த ஆட்டத்தை ஆடுகிறேன்! எத்தனை ஊர்களைப் பிடித்திருக்கிறேன்! பிடித்த ஊரில் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறையும் பார்த்ததில்லை. சோபாவுக்கு அடியில் போக நினைத்தவன் எழுந்து நின்று கைதட்டினேன். கூடமும் சேர்ந்து தட்டியது. அத்தை அப்போதுதான் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "யாருக்கு தேத்தண்ணி வேணும்?" என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பெயர் பதியப் போனேன். பாரத்தில் 'இனியா' என்று எழுதிய பிறகும் ஏகப்பட்ட கட்டங்கள் மீதி இருந்தன. கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் முதல் தடவையே சரியாகப் படித்தார். "அழகான பேரு, யார் வச்சது?" என்று கேட்டார். தள்ளுவண்டியில் இருந்த குழந்தையைத் தூக்கிக் காட்டி, "என் மாமியார்" என்றேன், நானே வைத்ததுபோலப் பெருமையாக.

இனியாவுக்கு இப்போது ஏழு வயது. போன மாதம் பள்ளியில், தங்களுக்குப் பெயர் வந்த கதையைப் பிள்ளைகள் சொல்ல வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் ஆசிரியை எனக்குப் போன் செய்தார். குரலில் ஏகப்பட்ட தயக்கம்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. வீட்ல ஏதும் சொத்துத் தகராறா? 'எங்க பாட்டி சண்ட போட்டு எங்கப்பா ஊரையே புடுங்கிக்கிட்டாங்க, அப்புறம்தான் எனக்குப் பேரு வச்சாங்க'ன்னு இனியா சொல்றா."

"ஆமாங்க டீச்சர்," என்றேன். "நல்லாத்தான் ஆள்றாங்க."