மான்தோ கடித்த காலும் நான் வெட்டிய சேமியாவும்

எங்கள் வீட்டில் என் மனைவி யூச்சினுக்குத் தெரியாமல் இதுவரை எதுவும் நடந்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வரப்போவது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். நான் ஒரு பொய்யை யோசித்து முடிப்பதற்குள் அதற்கான பதில் அவளிடம் தயாராக இருக்கும். அப்படிப்பட்டவளுக்குத் தெரியாமல் ஒரே ஒரு காரியத்தையாவது முடித்துக் காட்டுவது என்று போன திங்கட்கிழமை சபதம் எடுத்தேன். சபதம் எடுத்த இடம் ஒரு கிளினிக் வாசல். பக்கத்தில் நொண்டிக்கொண்டு நின்றவர் பெயர் பெங். அவரைக் கடித்தது எங்கள் நாய்.

நடந்தது இதுதான். காவ்ஷியுங் நகரத்தில் எங்கள் சந்துக்கு சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வரும். பாட்டு கேட்டதும் சந்து முழுக்கப் பையும் கையுமாகக் கீழே இறங்கிவிடும். வண்டி யாருக்காகவும் காத்திருக்காது. விட்டால் அன்று ராத்திரி குப்பையோடுதான் குடித்தனம்.

யூச்சின் அன்று தைனானில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். என் ஒரு கையில் குப்பைப் பை, இன்னொரு கையில் மான்தோவின் கயிறு. மான்தோ என்றால் எங்கள் ஊரில் ஆவியில் வேகவைத்த வெள்ளை ரொட்டி. எங்கள் நாயும் அதே வெள்ளை, அதே உருண்டை. அதனால் அந்தப் பெயர்.

பை கனம். வீசுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கயிற்றை விட்டேன். கண் மூடித் திறக்கும் நேரம்தான். வண்டியைப் பிடிக்க ஓடி வந்த அரைக்கால்சட்டைக்காரர் ஒருவர் மான்தோவின் வாலை மிதித்தார். மான்தோ அவருடைய கெண்டைக்காலைக் கவ்வியது.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. மான்தோவை வீட்டில் பூட்டினேன். புண்ணைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஸ்கூட்டரில் ஏற்றி கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக் கட்டும் கட்ட வைத்தேன். மான்தோவுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆமாம் என்றேன். போட்டது யூச்சின்.

பிறகு எதற்கு மறைக்க வேண்டும் என்கிறீர்களா? மான்தோ வீட்டுக்கு வந்த அன்றே யூச்சின் சொல்லிவிட்டாள். வாசல் தாண்டினால் கயிறு கையை விட்டுப் போகக் கூடாது. போய், யாரையாவது கடித்து வைத்தால், அதோடு இந்த வீட்டில் நாய் கிடையாது. அவள் சொன்னால் சொன்னதுதான். நான் வைத்திருந்த மீசை அப்படித்தான் போனது.

எனக்குத் தொழில் சாவி போட்டுக் கொடுப்பது. நாள் முழுக்க இரும்பைத் தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என்னைக் கண்டதும் சந்தோஷத்தில் வழுக்கி விழுகிற ஒரே ஜீவன் மான்தோதான். அது இல்லாத வீட்டுக்குள் நுழைவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"பெங் சார், ஒரு உதவி" என்றேன். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். என் சம்சாரம் காதுக்கு மட்டும் போகக் கூடாது."

"எனக்கு உங்க சம்சாரத்தையே தெரியாதே."

"அது உங்க அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டமா? அட நீங்க வேற. மூணு நாள் முன்னாடிதான் அடுத்த சந்துக்குக் குடி வந்தேன். இன்னும் சாமானே பிரிக்கல. வந்ததும் வராததுமா ரத்தம் பாத்தாச்சு."

"அதுக்குத்தான் பன்றிக்கால் சேமியா இருக்கே. நாளைக்கே கொண்டாறேன்."

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் கெட்ட நேரம் வந்தால், பன்றிக்காலும் மெல்லிய சேமியாவும் சமைத்துக் கொடுத்துப் பீடையைக் கழிக்க வேண்டும். யாரால் தொல்லை வந்ததோ அவர்தான் கொடுக்க வேண்டும்.

"கடையில வாங்கறதா?" என்றார் பெங்.

"சேச்சே. வீட்ல பண்றது."

"யாரு பண்ணுவா?"

"நான்தான்."

பெங் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள போயி இன்னொரு ஊசி போட்டுக்கிட்டு வந்துடவா?"

மறுநாள் என் கடையைத் திறக்கவில்லை. யூச்சின் சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். எங்கள் மார்க்கெட்டில் பன்றிக்கால் வாங்க முடியாது. யூச்சின் தெருமுனையில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறாள். சந்து முழுக்க அவள் கை முட்டை தோசையைத் தின்றுதான் வேலைக்குப் போகிறது. மார்க்கெட்டுக்காரி கறியை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் செய்தியை யூச்சின் காதில் கொடுத்துவிடுவாள். எனவே ஊரின் மறுகோடிக்குப் போய், முன்பின் தெரியாத கடையில், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வாங்கி வந்தேன்.

சமைத்தேன். வாசனைகூட வந்தது. ஆனால் எதில் எடுத்துப் போவது? யூச்சினின் பாத்திரத்தில் கை வைத்தால் அது அரை அங்குலம் நகர்ந்ததைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். என்னுடைய சாப்பாட்டு டப்பாவை எடுத்தேன். சேமியா அதில் அடங்க மறுத்தது. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் தொங்கியது. கத்தரிக்கோலை எடுத்து, அழகாக விரல் நீளத்துக்கு வெட்டி, வரிசையாக அடுக்கி மூடினேன். இந்தச் சாமர்த்தியம் யூச்சினுக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

பெங் டப்பாவைத் திறந்தார். முகம் மாறியது.

"இது என்ன?"

"சேமியா, சார்."

"முன்னாடி நீளமா இருந்துச்சா?"

"ரொம்ப நீளம். டப்பாவுல அடங்கல. அதான் கத்தரிக்கோலால..."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. சேமியாவின் நீளம்தான் சாப்பிடுகிறவரின் ஆயுசு. பிறந்தநாள் சேமியாவைப் பல் படாமல் உறிஞ்ச வேண்டும் என்று எங்கள் ஊரில் பால் பல் விழாத குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். கத்தரிக்கோல் கையில் இருந்தபோது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

"லியாவ் அண்ணே" என்றார் பெங் மெதுவாக. "உங்க நாய் என் காலை மட்டும்தான் கடிச்சுது."

"சார்..."

"நீங்க ஆயுசையே நறுக்கிட்டீங்க. அதுவும் ஒரே அளவா."

"வேற பண்ணிக் கொண்டாறேன், சார். இப்பவே."

"வேணாம், வேணாம். நான் மத்தியானமே சாப்டாச்சு."

அவர் கை நீட்டிய பக்கம் பார்த்தேன். பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் பெரிய அண்டா. அதில் மிச்சப் பன்றிக்கால். தொங்கத் தொங்க நீளச் சேமியா. அண்டாவின் விளிம்பில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது என் மனைவியின் கடைப் பெயர்.

"இது எப்படி இங்க..."

"காலையில உங்க வீட்டம்மா வந்தாங்க. பஸ்ஸை விட்டு எறங்கி நேரா இங்கதான். புண்ணைப் பாத்தாங்க, அவ்வளவு மன்னிப்பு கேட்டாங்க. லீவு நாள்லயும் கடையில பூந்து சமைச்சுக் கொண்டாந்தாங்க. தங்கமான மனுஷி. நீங்க பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லியே."

"நான் சொன்னதைச் சொல்லிட்டீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? 'எங்க வீட்டுக்காரர் எனக்குச் சொல்ல வேணாம்னு கெஞ்சியிருப்பாரே'ன்னு அவங்களே சொன்னாங்க."

"அவளுக்கு யாரு சொன்னது?"

"சந்துக் குரூப்புல வீடியோ வந்துச்சே. நானே பாத்தேன். நல்லாத் தெளிவா விழுந்திருக்கு. அடுத்த சந்து ஆளு, வந்து ஒரு வாரம் ஆகல, என்னையே சேத்துட்டாங்க. நீங்க அதுல இல்லியா?"

இல்லை. தினமும் விடிவதற்குள் தாமரைப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறார்கள் என்று எரிச்சலில் போன வருஷமே அந்தக் குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். நான் வந்துவிட்டேனே தவிர, சந்து அங்கேதான் இருந்திருக்கிறது.

வீட்டுக்குப் போனேன். யூச்சின் ஸ்டூலில் உட்கார்ந்து மான்தோவின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"பன்றிக்கால் நல்லா வெந்துச்சா?" என்றாள் தலை நிமிராமல்.

"நான் மறைக்கணும்னு நெனக்கல, யூச்சின்."

"அப்ப எதுக்கு ஊரைத் தாண்டிப் போயி வாங்குனீங்க? அதுவும் வெயில் இல்லாத நேரத்துல தொப்பி போட்டுக்கிட்டு?"

"உனக்கு எப்படி..."

"அந்தக் கடைக்காரி நம்ம மார்க்கெட்டுக்காரியோட நாத்தனார்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"வாலை மிதிச்சா எந்த நாயும் கடிக்கும். மான்தோ மேல தப்பில்ல" என்றாள். "கயிறு யாரு கையில இருந்துச்சு?"

"என் கையில."

"இருந்துச்சா?"

"விட்டுட்டேன்."

"பெங் சார் வளந்த ஆளு. காலோட போச்சு. அதே எடத்துல எதிர் வீட்டுக் கொழந்தை நின்னிருந்தா மான்தோ வாய் எதுக்கு நேரா இருக்கும்?"

எதிர் வீட்டுக் குழந்தையின் உயரத்தை மனசுக்குள் அளந்து பார்த்தேன். மான்தோவின் வாய் அதன் முகத்துக்கு நேராக வந்தது. இவ்வளவு நேரமும் நான் மான்தோ போய்விடுமோ என்று பயந்தேனே தவிர, அந்தப் பயம் எனக்கு வரவே இல்லை. இனி ஒருநாளும் அந்தக் கயிற்றை விட மாட்டேன் என்று அப்போது நினைத்தேன். யாருக்கும் காட்டுவதற்காக அப்படி நினைக்கவில்லை.

யூச்சின் எழுந்தாள். "சனிக்கிழமை சோங்ரென் வண்டி எடுத்துக்கிட்டு வரான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சோங்ரென் அவள் தம்பி. பிங்துங்கில் அன்னாசித் தோட்டம் வைத்திருக்கிறான். பெரிய தோட்டம். காவலுக்கு நாய் இல்லாத தோட்டம். எனக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து நான் ஆளே மாறிப்போனேன். மான்தோவை மிருக டாக்டரிடம் கூட்டிப்போனேன். கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துக் கவனிக்கச் சொன்னார், கவனித்தேன். விலங்குப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நானே போய், கடித்தது எங்கள் நாய்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். புதுக் கயிறும் வாய்க்கூண்டும் வாங்கினேன். பெங் வீட்டு வாசலுக்கு நல்ல பூட்டு ஒன்று போட்டுக் கொடுத்தேன். சந்துக் குரூப்பில் திரும்பச் சேர்ந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பதிலுக்குத் தாமரைப்பூ வந்தது.

"யூச்சின், டாக்டர் சரின்னதும் காலையில நான்தான் மான்தோவைக் கூட்டிக்கிட்டுப் போவேன். நீ தூங்கு."

"உங்க இஷ்டம்."

"சாயங்காலமும் நான்தான்."

"உங்க இஷ்டம்."

"குப்பையை மொதல்ல போட்டுட்டு வந்துடுவேன். நாயை அப்புறம் தனியாக் கூட்டிப் போவேன். ரெண்டையும் சேக்கவே மாட்டேன்."

"உங்க இஷ்டம்."

"ஞாயித்துக்கிழமை நாயைப் பழக்கற வகுப்பு இருக்காம். அதுலயும் சேந்துட்டேன்."

"அன்னிக்குத்தானே உங்க சீட்டாட்டம்?"

"அதை விட்டுட்டேன்."

"உங்க இஷ்டம்."

"அப்ப சனிக்கிழமை?"

"சோங்ரென் வருவான்."

கல்லும் கரையும் என்பார்கள். இவள் கரையவில்லை. வெள்ளிக்கிழமை அவள் கேட்காமலே குளியலறையைக்கூடத் தேய்த்தேன்.

சனிக்கிழமை காலை சோங்ரெனின் லாரி வாசலில் வந்து நின்றது. நான் தயாராக நின்றேன். மான்தோவுக்கு வாய்க்கூண்டு. கயிறு என் கையில் இரண்டு சுற்று. வீட்டுப் படியை விட்டு இறங்கவில்லை. யூச்சின் எனக்குப் பின்னால் நின்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் காது கேட்க ஒரு முடிவை உரக்கச் சொன்னேன்.

"மச்சான், வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடு. தப்புப் பண்ணது நான். தண்டனையும் எனக்குத்தான். மான்தோவை அனுப்ப மாட்டேன். உங்க அக்கா என்ன சொன்னாலும் சரி."

லாரியின் கதவு திறக்கவில்லை. கண்ணாடி மட்டும் ஒரு விரல் அளவு இறங்கியது. உள்ளே சோங்ரெனின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன அத்தான் சொல்றீங்க? அதை எங்க அனுப்பறது?"

"உன் தோட்டத்துக்குத்தான். காவலுக்கு."

"என் தோட்டத்துக்கா? எனக்கு நாய்ன்னாலே கை காலெல்லாம் நடுங்கும். அதுக்குப் பயந்துதானே அது வந்ததுலேருந்து உங்க வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்கல. அக்கா கடையில ஜாம் போடணும்னாங்க. அன்னாசி எடுத்துக்கிட்டு வந்தேன்."

திரும்பி யூச்சினைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அவன் வரான்னு மட்டும்தான் நான் சொன்னேன்" என்றாள். "எதுக்குன்னு நீங்க கேக்கவே இல்லியே."

"அப்ப மான்தோவை அனுப்பறதா..."

"மான்தோவை யாரு அனுப்புவா? நம்ம கொழந்தை மாதிரி. கயிறைப் பிடிக்கத் தெரியாத ஆளைத்தான் என்ன பண்றதுன்னு யோசிச்சேன். அதுக்கும் நீங்களே ஒரு வழி சொல்லிட்டீங்க. காலையில, சாயங்காலம், குப்பை, வகுப்பு. சீட்டாட்டம் உட்பட."

மான்தோ என் காலில் உடம்பைத் தேய்த்தது. அது போகப் போவதில்லை. உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெட்கத்தை மீறிச் சிரிப்பு வந்தது.

"சிரிச்சது போதும்" என்றாள் யூச்சின். "மான்தோவை உள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டு வாங்க. சோங்ரென் எறங்க மாட்டான். லாரி முழுக்க அன்னாசி, நீங்கதான் எறக்கணும்."