பிறக்க மறுத்தவள்

வெண்கரை நாட்டுக்குப் போகும் வழி இப்போது எந்த வரைபடத்திலும் இல்லை. இருந்த காலத்தில் அங்கே ஓர் ஆறு ஓடியது, அதன் மேல் புதிதாக ஓர் அணை எழுந்தது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் நடந்தது. ஆவுடை என்ற மருத்துவச்சி அங்கேதான் வாழ்ந்தாள். கீழத்தெருவின் இளவட்டங்கள் எல்லோரும் அவள் கையில் விழுந்தவர்கள்.

ஓர் ஐப்பசி மாதம் பட்டப்பகலில் அணை உடைந்தது. அதைக் கட்டியவர் நாட்டின் தலைவருடைய மைத்துனர். மாலைக்குள் கீழத்தெரு இல்லை. நானூறு பேர் போனார்கள். ஆவுடையின் மகள் கோமுவின் உடலை மூன்றாம் நாள் ஒரு கருவேல மரத்திலிருந்து இறக்கினார்கள். அவளுக்குப் பதினான்கு வயது.

மக்கள், தலைவரின் மாளிகை முன் கூடி, அணையைப் பற்றிக் கேட்டார்கள். தலைவர் மாடத்தில் தோன்றி நெடுநேரம் அழுதார். பிறகு சொன்னார்: "நம் நாடு இறந்துவிட்டது. ஆகவே அது மறுபடியும் பிறக்கும். பிறந்த குழந்தையிடம் முற்பிறவியைப் பற்றி யாரும் கேட்பதில்லை."

கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் கைதட்டியது.

முதலில் பழைய பதிவேடுகளை எரித்தார்கள். யார் யாருக்குப் பிறந்தார், எந்த நிலம் யாருடையது, வெள்ளத்தில் யார் செத்தார், எல்லாம் ஒரே தீயில் போயின. அடுத்து வந்தது மறுபிறப்புச் சட்டம். குடிமக்கள் அனைவரும் நாற்பது நாளைக்குள் மறுபடி பிறக்க வேண்டும். பிறக்காதவர் இறந்தவராகக் கருதப்படுவார்.

மைதானத்தில் களிமண்ணால் ஒரு பெரிய கருப்பை எழுந்தது. ஒரு பக்கம் நுழைந்து, இருட்டில் தவழ்ந்து, மறுபக்கம் தலை நீட்டி அழ வேண்டும். மறுபிறப்பு அமைச்சர் பொன்னம்பலவாணர் ஆவுடையைத் தேடி வந்தார்.

"அம்மையே, ஒரு நாட்டுக்கே பிரசவம் பார்க்கும் பேறு தங்களுக்குக் கிடைத்திருக்கிறது."

அவள் போனாள். தான் போகாவிட்டால் மூட்டுவலிக்காரர்களும் மூச்சிரைப்புக்காரர்களும் உள்ளேயே சிக்கிச் செத்துப்போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தோளைப் பிடித்து இழுத்து, முகத்துச் சேற்றைத் துடைத்து, "பிறந்தாச்சு" என்றாள். அழாதவரைத் திருப்பி அனுப்ப உத்தரவு இருந்தது. ஆனால் அந்த ஆண்டு யாருக்கும் அழுவது கடினமாக இல்லை. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் வெள்ளத்துக்குக் கொடுத்த சுடலைமுத்து வெளியே வந்து, அழுகையை நிறுத்த முடியாமல் மண்ணிலேயே கிடந்தான். எழுத்தர் அவன் பெயருக்கு நேரே 'அழுகை மிகச் சிறப்பு' என்று குறித்துக்கொண்டார்.

நாற்பதாம் நாள் ஆவுடையின் முறை வந்தது. கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினார் எழுத்தர். முற்பிறவியில் தனக்கு உறவென்று எவரும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

"நான் இன்னிக்குப் பிறந்தா, கோமுவைப் பெத்தது யாரு?" என்று கேட்டாள் ஆவுடை.

"சட்டப்படி அப்படியொரு குழந்தை இல்லையே, அம்மா."

"அப்ப நான் பிறக்கலை."

அமைச்சரே எழுந்து வந்தார். "பிறக்க மறுத்தால் தங்களுக்கு வீடில்லை, அரிசியில்லை. தங்கள் பெயரைச் சொல்லி எவரும் அழைக்கவும் கூடாது."

"செத்துட்டாள்னு எழுதிக்கிடுங்க" என்றாள். கைச் சேற்றைக் கழுவிவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் ஓலையில் ஒரு குடிசை போட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்த இன்னும் நாற்பது பெண்களும் பிறக்க மறுத்து அவள் பின்னால் வந்தார்கள்.

பிறந்தவர்களின் பாடு அதன் பிறகுதான் தொடங்கியது. குழந்தைகளுக்குச் சொத்து ஆகாது என்பதால் நிலமெல்லாம் தலைவரின் காப்பில் சேர்ந்தது. பச்சைக் குழந்தை பேசுவது இயற்கைக்கு விரோதம் என்பதால், அலுவலில் இருக்கும் அதிகாரிகளைத் தவிர மற்றவர்களின் பேச்சுக்குத் தடை வந்தது. கடைசியில் தேர்தல் ஆண்டும் வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய வாக்காளர் நாட்டில் ஒரே ஒருவர்தான் இருந்தார். நாட்டின் தகப்பன் மறுபடி பிறக்க முடியாது என்று சொல்லி, தலைவர் அந்த மண்ணுக்குள் நுழையவே இல்லை.

ஆனாலும் மரபு மரபுதான். ஒரு சாவடி, ஒரு பெட்டி, 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டங்கள் போட்ட சீட்டு. தலைவர் தனியாக வரிசையில் நின்று வாக்களித்தார். அவர் போன பிறகு நாற்பத்தொரு பெண்கள் வந்தார்கள்.

"நீங்கள்லாம் இறந்தவங்க" என்றார் சாவடி அதிகாரி. "இறந்தவங்க ஓட்டுப் போட முடியாதும்மா."

"போன தேர்தல்ல எங்கம்மா போட்டிருக்கா" என்றாள் ஆவுடை. "அவ செத்து அப்பவே ஒம்பது வருசம்."

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சென்ற முறை தோற்றவர்கள் வழக்குப் போட்டதும், இறந்தவர் பெயரில் விழுந்த வாக்குகளும் செல்லும் என்று நீதிமன்றம் தலைவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் அதில் இருந்தன. எரித்தது மக்களின் ஏடுகளை மட்டுமே. அதிகாரி புத்தகத்தை மூடிவிட்டு, நாற்பத்தொரு சீட்டுகளை எண்ணிக் கொடுத்தார்.

'வேண்டும்' ஒன்று, 'வேண்டாம்' நாற்பத்தொன்று. மாலையில் அரசு அறிவித்தது: "உயிரோடிருக்கும் வாக்காளர் அனைவரும் ஒருமனதாகத் தலைவரையே தேர்ந்தெடுத்துள்ளனர்." அதில் பொய் ஒன்றும் இல்லை. தெருவெங்கும் வெடி வெடித்தார்கள்.

மறுநாள் காலையில் ஆவுடையின் குடிசை வாசலில் சுடலைமுத்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை. வெகுநாள் பேசாத தொண்டையிலிருந்து சொற்கள் உடைந்து வந்தன.

"அக்கா, சாகணும்னா யார்ட்ட எழுதிக் குடுக்கணும்?"

ஆவுடை அவனை உட்காரச் சொன்னாள்.

"எழுத்தெல்லாம் பெறகு. ஒம் பொண்டாட்டி பேரு, பிள்ளைங்க பேரு, அதை மொதல்ல சொல்லு."

 அவன் மூன்று பெயரையும் சத்தமாகச் சொன்னான்.