பழுதுகொத்தியும் குட்டி பிரிட்ஜும்

பறவைகளில் மீன்கொத்தி உண்டு, மரங்கொத்தி உண்டு. மனிதர்களில் பழுதுகொத்தி உண்டு.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுச் சாமான்கள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்வரை இவர் உங்கள் வாசல் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். ஆனால் மின்விசிறி ஒருமுறை கிறீச்சிடட்டும், ரேடியோ கொஞ்சம் கரகரக்கட்டும், குழாயில் ஒரு சொட்டு நீர் கசியட்டும், மாடியில் கருவாடு காய்வதைக் காக்கை எப்படி அறிகிறதோ அப்படி அறிந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நிற்பார். கையில் ஸ்குரு டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இருக்காது. பழுது நீக்குவது மெக்கானிக்கின் வேலை. பழுது சொல்வதுதான் இவர் வேலை. அதற்குக் கருவி எதற்கு?

இந்த இனம் எல்லா ஊரிலும் வாழ்கிறது என்றாலும் எங்கள் புதுச்சேரியில், அதுவும் முத்தியால்பேட்டையில், கொஞ்சம் கொழுத்தே வளர்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் இங்கே அதிகம். அவர்களுக்குப் பென்ஷன் பிரான்சிலிருந்து வந்துவிடுகிறது. பொழுதுதான் இங்கே போகவேண்டியிருக்கிறது. எங்கள் தெருவின் பழுதுகொத்தியான நாராயணசாமி அப்படிப்பட்ட ஒரு சொல்தாதான். இந்தோசீனாவில் அவர் லாரி ஓட்டினாரா அல்லது லாரிக்குப் பக்கத்தில் நின்றாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அவர் ‘மோத்தேர்’ என்று சொல்லக் கேட்டால், இத்தனை நாளும் நாம் மோட்டார் என்று சொல்லி வந்தது ஏதோ வாடகைச் சாமான் போலத் தோன்றும்.

இவருடைய முழுத் திறமையையும் நான் பார்த்தது எண்பத்துநாலாம் வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை. பழுதானது என் தங்கை சுலோசனாவின் பிரிட்ஜ்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவன். அவள் அப்படியல்ல. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டெலிபோன் ஆபீசில் காதில் கருவி மாட்டிக்கொண்டு, டில்லிக்காரனிடம் இந்தியிலேயே நாலு வார்த்தை பேசி லைன் வாங்கித் தருகிறவள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்காகத்தான் சொல்கிறேன். அப்போதெல்லாம் தினமும் சொல்வேன்.

பிரான்சுக்கே குடிபோன ஒரு குடும்பத்திடமிருந்து அவள் அந்த பிரிட்ஜை வாங்கினாள். இடுப்பு உயரம்கூட இல்லாத குட்டி பிரிட்ஜ். பூட்டு, சாவி உண்டு. பின்பக்கம் கறுப்புக் கம்பிகளும், அவற்றுக்கு மேலே பிரெஞ்சில் அச்சடித்து ஒட்டிய ஒரு தாளும் இருந்தன. சமையல் மேடைக்கு அடியில் அளவெடுத்தது போல நுழைந்தது. மேடைமேல் மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்கிறது. புகை படியும், தாளிப்பு தெறிக்கும். ஆகவே நான் பச்சை ரெக்சின் எடுத்து, மஞ்சளில் ஓரம் வைத்து, நாலு பக்கமும் கச்சிதமாக ஓர் உறை தைத்துப் போட்டேன். முன்பக்கத்தில் கதவைத் திறக்கப் பட்டன் வைத்த திரை. கால் அங்குலம் பிசகில்லை. உறையோடு அதைச் சுவர்வரைக்கும் தள்ளி, நூல் பிடித்தது போல நிறுத்தினேன். பார்க்க வந்த ஒருவர் “ரெடிமேடா?” என்று கேட்டார். தையல்காரனிடம் அப்படிக் கேட்டால் அது பாராட்டா, வசவா? அந்த வாரம் முழுவதும் அதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில்தான் கம்பவுண்டர் தேவதாஸ் வீட்டில் விசேஷம். அவர் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, அதாவது மாதா கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கோயில் பூசை முடிந்ததும் வீட்டில் விருந்து, விருந்தில் இருபத்துநாலு பேருக்குக் கரமேல் புட்டிங். அதை ஓட்டலில் சொல்லாமல் சுலோசனாவிடம் சொல்லியிருந்தார்கள். கன்னியாஸ்திரீகள் நடத்திய சமையல் வகுப்பில் அவள் கற்றுக்கொண்டது அது. ஒருமுறை இவள் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தேவதாசின் மனைவி, “கடற்கரை ஓட்டல்லகூட இப்படி இல்லம்மா” என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு வெளியே என் தங்கையின் சமையலை ஒருவர் நம்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் இரண்டு நாள் லீவு போட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் இருபத்துநாலு கிண்ணமும் ஆவியில் வெந்து, மேடைமேல் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. பாலும் முட்டையும் கலந்த பண்டம். மே மாத வெயிலில் மாலைவரை தாங்காது. உள்ளே வைக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தவள், ஐஸ் தட்டை வெளியே எடுத்துச் சாய்த்தாள். தண்ணீர் கொட்டியது.

“அண்ணே,” என்றாள். “வெளிய இருக்கற சூடுதான் உள்ளயும் இருக்கு.”

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு மணியம்மாள் தன் இட்லி மாவை எடுத்துப்போக வந்தார். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. அவர் போட்ட “அய்யய்யோ” தெருக்கோடிவரை போயிற்று. ஐந்தாவது நிமிடத்தில் வாசலில் நாராயணசாமி.

“என்னாப்பா கோவிந்தராசு, ஃப்ரிஜிதேர் படுத்துடுச்சாமே?”

இனி இந்த இனத்தின் சடங்குகளைக் கவனியுங்கள். முதலில் பிரிட்ஜின் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். கண்களை மூடினார். காதைச் சாய்த்தார். வீடே மூச்சை அடக்கிக்கொண்டது.

“போன்,” என்றார். பிரெஞ்சில் ‘சரி’ என்று அர்த்தம். “மோத்தேர் மூச்சு வாங்குது.”

“அதுக்கு என்னா மாமா பண்ணணும்?” என்றாள் சுலோசனா.

“இரும்மா. முழு நோவும் தெரியாம மருந்து சொல்லக் கூடாது.”

இரண்டாவது சடங்கு, கதவைத் திறப்பது. குளிர்ச்சி போய்விட்டதா என்று பார்க்கத் திறக்கிறார். உள்ளே மிச்சமிருந்த கொஞ்சம் குளிர்ச்சி வெளியேறுகிறது. போய்விட்டதை உறுதி செய்துகொண்டு மூடுகிறார். மணியம்மாளின் குரல் கேட்டுக் கூடிவந்தவர்களுக்குக் காட்ட மறுபடி திறக்கிறார். வந்தவர்கள் தங்கள் பங்குக்குத் திறக்கிறார்கள். உள்ளே எரியும் விளக்குதான் சூடாக்குகிறது என்றார் ஒருவர். கதவை மூடினால் விளக்கு அணைகிறதா இல்லையா என்று அரைமணி வழக்கு நடந்தது. அணைகிறதா என்று பார்க்க எப்படிப் பார்ப்பது? திறந்துதான். எதையும் எண்ணிவைப்பது என் வழக்கம். ஒன்பது மணிக்குள் கதவு முப்பத்தொரு தடவை திறக்கப்பட்டது.

மூன்றாவது சடங்கு, தீர்ப்புகள். “கேஸ் தீந்துபோச்சு” என்பது முதல் தீர்ப்பு. எந்த பிரிட்ஜுக்கும் எந்த ஊரிலும் எந்தப் பழுதுகொத்தியும் முதலில் சொல்வது இதுதான். இல்லை, கரண்ட் பத்தவில்லை. இல்லை, கால் ஒன்று தரையில் சரியாக உட்காரவில்லை. அட்டையை நாலாக மடித்துக் கீழே கொடு. கொடுத்தேன். கதவு ரப்பர் தளர்ந்திருக்கும். ஒரு காகிதத்தை இடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார். நாராயணசாமி தன் சட்டைப்பையில் இருந்த பிரான்சுக் கடிதத்தையே வைத்து இழுத்தார். கடிதம் கிழிந்தது.

“ரப்பர் நல்லா இருக்கு,” என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

மணி பத்தாயிற்று. கிண்ணங்களின்மேல் ஈ வராமல் சுலோசனா வேட்டித் துணியைப் போட்டு மூடி, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். விசிறி நிமிடத்துக்கு நிமிடம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

“பின்னால பாக்கணும்ப்பா, வெளிய இழு,” என்று உத்தரவு வந்தது. உறையோடு இழுத்தால் ரெக்சின் கிழியும். வேறு யாரையும் கைவைக்க விடாமல் நானே பட்டன்களைக் கழற்றி, உறையை உரித்து, தோட்டத்துக் கொடியில் தொங்கவிட்டேன். பிறகு பிரிட்ஜை இழுத்து, ஒயர் எட்டும்வரை கொண்டுவந்து, பின்வாசல் காற்று வரும் இடத்தில் நடு அடுப்படியில் நிறுத்தினோம்.

பின்பக்கத் தாளைப் பார்த்ததும் நாராயணசாமியின் முதுகு நிமிர்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் வரி முதல் கடைசி வரிவரை, அணிவகுப்பில் கட்டளை கொடுக்கிறவர் குரலில், கணீரென்று பிரெஞ்சில் படித்தார். மணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

“என்னா மாமா போட்டிருக்கு?” என்றாள் சுலோசனா.

“ஜாக்கிரதையா வச்சிக்கணும்னு போட்டிருக்கான்.”

“இவ்ளோ நீளமாவா?”

“அவங்க பாஷை அப்படித்தாம்மா. நீளமா சொல்லுவாங்க.” கண்ணாடியைக் கழற்றினார். “இதுக்கு ஒரே வழி. கவுத்து நிறுத்தணும். அரைமணி நேரம் தலைகீழா நின்னா கேஸ் இறங்கி எடத்துல ஒக்காந்துடும். சைகோன்ல எங்க கேம்ப்ல நான் பாத்திருக்கேன்.”

“தலைகீழா நிக்கவச்சா பழைய பெட்டி என்னாத்துக்கு ஆவும்?” என்றாள் சுலோசனா. “உயிர் இருக்குதே, அதுவும் போயிடும்.”

“எனக்குத் தெரியாதா? நாலு மூலைக்கு நாலு ஆள் வேணும், அவ்ளோதான்.”

இருந்தவர்களில் தூக்கக்கூடியவர்கள் மூன்று பேர். நாராயணசாமி தூக்கமாட்டார், மேற்பார்வை. நாலாவது ஆள் எங்கள் தெருக் கன்னியப்பன்; அவனுக்குச் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை. சனிக்கிழமை பாதி ஷிப்டு. மூன்று மணி பஸ்சில் வந்துவிடுவான்.

சுலோசனா விசிறியைக் கீழே வைத்தாள். இருபத்துநாலு கிண்ணத்தையும் உள்ளே அடுக்கினாள். கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

“கன்னியப்பன் வர்ற வரைக்கும் யாரும் இதத் தொடக் கூடாது. தலைகீழா ஏதாச்சும் நிக்கணும்னா நீங்கல்லாம் வெளிய போய் நின்னு பழகுங்க.”

கூட்டம் மரியாதையாக வெளியே போயிற்று. அவள் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பிரிட்ஜுக்குக் காவல் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. தேவதாஸ் வீட்டுக்கு இப்போதே போய்ச் சொல்லிவிடட்டுமா, ஓட்டலில் ஏற்பாடு செய்துகொள்வார்கள் என்று கேட்டேன். “மூணு மணி வரைக்கும் பொறுண்ணே,” என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மிஷினில் போய் உட்கார்ந்து, ஒரே கால்சட்டைக்கு இரண்டு தடவை ஓரம் மடித்தேன்.

மூன்றே காலுக்குக் கன்னியப்பன் டிபன் கேரியரோடு வந்தான். கைலியை மடித்துக் கட்டினான். பின்னாலேயே எல்லோரும். சுலோசனா சாவியை எடுத்துத் திறந்தாள்.

முகத்தில் சில்லென்று அடித்தது.

கிண்ணங்கள் குளிர்ந்து வியர்த்திருந்தன. ஐஸ் தட்டில், பால் ஏடு போல மெல்லிய ஒரு படலம் உறைந்திருந்தது.

“தூக்கவே இல்லியே,” என்றான் கன்னியப்பன், இரண்டு கைகளையும் நீட்டியபடியே.

“வுவாலா! இதோ பாரு!” என்றார் நாராயணசாமி. “கவுக்கப் போறோம்னு தெரிஞ்சதும் பயந்துடுச்சு பாத்தியா?”

கூட்டம் கலைந்தபின் சுலோசனா என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள். கொடியில் என் பச்சை உறை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தை எனக்குத் திருப்பிக் காட்டினாள். ரெக்சின் இளகி, நெளிந்து, வரிசையாகக் குறுக்குக் கோடுகள் பதிந்திருந்தன. பிரிட்ஜின் முதுகில் இருக்கும் கறுப்புக் கம்பிகள் எத்தனையோ அத்தனை கோடுகள். என் உறையில் நான் தைக்காத கோடுகள்.

“கம்பிய இப்பத் தொட்டுப் பாருண்ணே. உள்ள இருக்கற சூடெல்லாம் அது வழியாத்தான் வெளிய போவுது. மே மாசத்துல ரெக்சினப் போத்தி, செவுத்தோட ஒட்டி நிக்கவச்சி ஓடுன்னு சொன்னா எது ஓடும்?”

நான் அளவெடுத்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் அங்குலம் இடம் விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும். அந்தக் கால் அங்குலத்தைக்கூட நான் விடவில்லையே!

“தெருவுல சொல்லிடுவியா?” என்றேன்.

“சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு. நான் டெலிபோன் ஆபீசுல இருக்கறத இனிமே கடைக்கு வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கக் கூடாது.”

சரி என்றேன். வாக்குத் தவறவில்லை. மேலே நான் சொன்னது எழுத்து, பேச்சில் சேராது.

மறுநாள் தேவதாஸ் வீட்டில் இருபத்துநாலு கிண்ணமும் தட்டில் கவிழ்க்கப்பட்டன. கவிழ்க்க வேண்டியவை அவைதான். ஒரு புட்டிங்கூட உடையாமல், பழுப்புப் பாகு வழிய, லேசாக ஆடிக்கொண்டு நின்றன. வெள்ளை உடுப்பில் இருந்த பெண்குழந்தை இரண்டு தின்றாள். தேவதாசின் மனைவி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பின்பக்கத் தாளை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்த சுலோசனா, அதை அவரிடம் நீட்டினாள். அவர் படித்துச் சிரித்தார்.

“பின்னால நாலு விரக்கடை எடம் விடணுமாம். துணி கிணி போட்டு மூடக் கூடாதாம். ஏம்மா, யாராச்சும் இதப் போயி மூடுவாங்களா?”

நான் புட்டிங்கைப் பாராட்டினேன்.

நாராயணசாமி இன்றும் அந்த பிரிட்ஜை மிரட்டியே குணப்படுத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுத்ததில்லை. நியாயமாகப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது என்று முதலில் சொன்னவர் அவர்தானே? கழுத்தைப் பிடித்தது யார் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

இப்போது தெருவில் ஒன்பது பிரிட்ஜ் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் உறை நான்தான். பின்பக்கம் மட்டும் தைப்பதில்லை. “துணியை மிச்சம் பிடிக்கறியா?” என்று கேட்கிறார்கள். அப்போது நான் என்ன செய்கிறேன் தெரியுமா? பிரிட்ஜின் தலைமேல் உள்ளங்கையை வைக்கிறேன். கண்களை மூடுகிறேன். காதைச் சாய்க்கிறேன். “மோத்தேர் மூச்சு விடணும்மா,” என்கிறேன். மோத்தேர் என்றுதான் வருகிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஐஸ் தட்டிலிருந்து தண்ணீர் கொட்டியது என்று நான் எழுதிய இடத்தில், உங்கள் மனசுக்குள் ஒரு குரல் ‘கேஸ் போயிருக்கும்’ என்று சொன்னதா, இல்லையா? நீங்கள் பார்த்தே இராத பிரிட்ஜ்! வாருங்கள், வந்து பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் இனத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை.