அரக்கோணம் போகாத கத்தி

கத்தியைக் காட்டுக்குக் கூட்டிப்போயே தீருவது என்று வீரபாகு முடிவு கட்டினார்.

சாதாரணக் கத்தி இல்லை. ஆம்பூரில் அவர் மேஸ்திரியாக இருக்கும் தோல் தொழிற்சாலைக்குச் சரக்குப் பார்க்க வந்த ஜெர்மன்காரர், போகும்போது கையில் திணித்துவிட்டுப் போனது. மடக்கினால் விரல் நீளம். பிரித்தால் பதினோரு கருவி. அலகு, ரம்பம், கத்தரி, ஊசி, டின் திறக்க ஒன்று, பாட்டில் மூடிக்கு ஒன்று. மீதி எதற்கென்று ஜெர்மன்காரருக்குத்தான் தெரியும்.

"இது பாக்கெட்ல இருந்தா நடுக்காட்டுல ஒரு மாசம் குடித்தனம் பண்ணலாம்" என்று எட்டு மாதமாகச் சொல்லிவந்தார். எட்டு மாதமும் கத்தி அடுப்படியில்தான் குடித்தனம் பண்ணியது. மனைவி கமலவேணி அதில் மீன் சுரண்டினாள். செருப்பு வாருக்கு ஓட்டை போட்டாள்.

"அது காட்டுக்குன்னு செஞ்ச கத்திடி!"

"எந்தக் காட்டுக்குப் போனீங்க? கொல்லைப் பக்கம் போறதுக்கே டார்ச் லைட் கேக்கற ஆளு."

தைத்துவிட்டது. உடனே ஜவ்வாது மலைப் பயணம் ஏற்பாடானது. வரும் ஞாயிறு. கூட வருவது சாயப் பிரிவு மக்பூல் அகமது, லாரி டிரைவர் தேவசகாயம்.

"அருவா வேணாம், பிளேடு வேணாம். யாரும் எதுவும் கொண்டாரக் கூடாது. என்கிட்ட கத்தி இருக்கு" என்று உத்தரவு போட்டார்.

ஒரே சிக்கல். அதே ஞாயிறு நெமிலியில் தன் அண்ணன் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார் என்றாள் கமலவேணி. போனால் மைத்துனருக்குத் தேங்காய் உரித்தே பொழுது போய்விடும். மலைக்கு என்றால் விடமாட்டாள். புளுகினார்.

"தோலுக்குப் போடற பட்டை ஏத்தின வேகன் அரக்கோணம் ஜங்ஷன்ல மாட்டிக்கிச்சு. நான் போய்த்தான் எடுக்கணும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நெமிலி அரக்கோணத்துக்குப் பக்கம். புளுக வேறு ஊரா கிடைக்கவில்லை?

"பக்கத்துலதானே? முடிச்சிட்டு அப்படியே நெமிலிக்கு வந்துடுங்களேன்."

"வேகன் விஷயம்டி. எப்ப முடியும்னு ரயில்வேக்கே தெரியாது."

"அப்ப நானும் போகலை" என்றாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. அங்கேயே அவர் பயந்திருக்க வேண்டும்.

ஞாயிறு விடிகாலை. ஐந்தரைக்கு பஸ். ஐந்து மணிக்குப் பார்த்தால் கத்தியைக் காணோம்.

அலமாரியில் இல்லை. தையல் மெஷின் டிராயரில் இல்லை. அரிசி டின்னில் முழங்கை வரை விட்டார்.

"இன்னா தேடறீங்க?"

"பேனா."

"அரிசியிலயா?"

"வேகனுக்குக் கையெழுத்துப் போடணும்டி!"

"சட்டைப் பையில குத்தியிருக்கே, அது இன்னா?"

கத்தி என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தது. கேட்டால், அரக்கோணம் போகிறவனுக்குக் கத்தி எதற்கு? கேட்காமல் போனால், மலைமேல் மூன்று பேரும் வெறுங்கை. பனியன் நனைந்துவிட்டது. மணி ஐந்து இருபது.

கமலவேணி தூக்குச் சட்டியைத் துணியில் கட்டி நீட்டினாள்.

"கறிக்குழம்பும் சோறும் இருக்கு. கறி எடுத்துக்கினு போறப்ப காத்து கருப்பு பின்னால வரும். இரும்பு வெச்சுக் கட்டியிருக்கேன். தூக்கிப் போட்டுடாதீங்க."

ஆணியோ பழைய சாவியோ! யாருக்கு வேண்டும்? பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

ஆலங்காயம் தாண்டியதும் நடை. ஏற ஏற வீரபாகு பின்தங்கினார். திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தார். மக்பூல் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போனார்.

உச்சி வெயிலில் ஓடைக்கரை. மக்பூல் மெட்ராஸில் வாங்கிய மீன் டின் இரண்டை எடுத்து வைத்தார். மூன்று பாட்டில் கலர் சோடா. அதே நேரம் தேவசகாயம் அலறினார். செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறிவிட்டது.

"மேஸ்திரி, கத்தியை எடு."

"இரு பாய். முதல்ல சாப்பிடலாம்."

"முள்ளை வெச்சுக்கினு சாப்பிடறதா?" தேவசகாயம் ஒற்றைக் காலில் நின்றார். பாதத்தில் ரத்தம்.

"எடு தோஸ்த். இன்னா பாக்கற? கொண்டாந்தியா இல்லியா?"

"அது... அடியில இருக்கு."

"எதுக்கு அடியில?"

 வீரபாகு தூக்குச் சட்டி முடிச்சை அவிழ்த்தார். நேரம் கடத்தத்தான். துணி மடிப்பிலிருந்து சிவப்பாக ஒன்று மடியில் விழுந்தது.

கத்தி!

அப்புறம் அந்த மனிதரைப் பிடிக்க முடியவில்லை. ஊசியால் முள்ளை எடுத்தார். கத்தரியால் துண்டை வெட்டிக் கட்டுப் போட்டார். ரம்பத்தால் பச்சை மூங்கில் அறுத்து ஊன்றுகோல் கொடுத்தார். டின் திறந்தது. கலர் பொங்கியது. அலகால் வெங்காயம் அரிந்தார்.

"மாஷா அல்லா, ஒரு கடையே வெச்சிருக்க!" என்றார் மக்பூல்.

இறங்கும்போதுதான் யோசனை வந்தது. வீட்டில் எத்தனையோ இரும்பு இருக்க, இவள் ஏன் இதை வைத்தாள்? கைக்கு அகப்பட்டதை வைத்திருப்பாள் என்று சமாதானம் பண்ணிக்கொண்டார். அலகில் வெங்காய வாடை. பஸ்ஸில் உட்கார்ந்து தோல் துண்டில் அலகைத் தீட்டித் துடைத்தார். முகம் பார்க்கலாம் போல் மின்னியது. மடக்கினார். இருந்தபடியே துணியில் கட்டினார். முப்பது வருஷம் தோலில் கிடந்த ஆள். கத்தி என்றால் அவருக்கு அலகுதான்.

விளக்கு வைக்கும் நேரம் வீடு.

"வேகன் வந்துச்சா?"

"வந்துச்சு. பேஜார் பண்ணிட்டானுங்க."

"இரும்பு?"

"நீ வெச்சது வெச்சபடி இருக்கு. கத்தியையா வெச்ச? இப்பத்தான் பாக்கறேன். அரக்கோணத்துல கத்திக்கு இன்னா வேலை?" சாமர்த்தியம் என்று நினைத்தார். நீட்டினார்.

"கத்தியைக் கையில தரக் கூடாது. கீழ வைங்க."

வைத்தார். அவள் எடுத்தாள். விளக்கடியில் உட்கார்ந்து அலகைப் பிரித்தாள்.

"மின்னுதே."

"தொடவே இல்லியே!"

அடுத்ததைப் பிரித்தாள். முகர்ந்தாள். "மீன் டின்னு. எண்ணெய்கூடக் காயலை."



அடுத்தது ரம்பம். பல்லுக்குப் பல் பச்சைத் தூள். "வேகன்ல மூங்கில் மொளைச்சிருந்துதா?"

ஊசி. நுனியில் காய்ந்த ரத்தம். "ஸ்டேஷன் மாஸ்டரைக் குத்திட்டீங்களா?"

கத்தரியை அவள் பிரிப்பதற்குள் சரணடைந்தார்.

"போதும் வேணி. மலைக்குத்தான் போனேன்."

"தெரியும். மக்பூல் பாய் வீட்டு அன்வரி போன வாரமே சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் கத்தியை வெச்ச?"

"நீங்க சொல்லமாட்டீங்க. அது சொல்லும்." ஒவ்வொன்றாக மடக்கினாள். "எங்க அண்ணன் வீட்டுல பால் காய்ச்சறது அடுத்த ஞாயித்துக்கிழமைங்க. தேதியை ஒரு வாரம் முன்னாடி தள்ளிச் சொல்லிப் பார்த்தேன், இன்னா சொல்லித் தப்பிக்கிறீங்கன்னு."

வீரபாகு மனசுக்குள் அவசரமாக இன்னொரு வேகன் தேடினார். அகப்படவில்லை.

"நூறு தேங்கா உரிக்கணுமாம். கத்தியை நான் எடுத்தாரேன். நீங்க வந்தா போதும்."

பன்னிரண்டாவது கருவியாக வீரபாகுவும் சத்தமில்லாமல் மடங்கிக்கொண்டார்.