மாமனாரின் காலடியும் மாட்டாத நியூட்ரினோவும்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் மகளும் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

முதலில் நன்றி. நியூட்ரினோ என்று வாயைத் திறந்தாலே தங்கள் மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். தாங்கள் ஒருவர்தான், இங்கே தங்கியிருந்த நாளெல்லாம் மாலையில் ஆய்வகத்துக்கே வந்து, மேல்தளத்து வராந்தாவில் நான் சொன்னதை முழுசாகக் கேட்டீர்கள். பக்கத்து அணு உலையிலிருந்து நியூட்ரினோ என்ற நுண்துகள் கோடிகோடியாய் வருகிறது, எதிலும் படாமல் போய்க்கொண்டே இருக்கிறது, எப்போதாவது ஒன்று ஓர் அணுக்கருவை லேசாக இடித்துவிட்டுப் போகும், அந்த இடியை அளக்கத்தான் கீழ்த்தளத்தில் ஒரு படிகத்தைக் கடுங்குளிரில் வைத்துக் காத்திருக்கிறோம் என்றேன். "இடிச்சவன் ஒரு சாரி கூட சொல்ல மாட்டானா மாப்பிள்ளை?" என்றீர்கள். அந்த அக்கறையை மறக்க மாட்டேன்.

வினை அங்கேதான் ஆரம்பம். தாங்கள் வந்த நாள் முதல், மாலையில உலை முழுவேகத்துல ஓடுறப்ப கருவியில் சின்னச் சின்னத் துடிப்பு, நாங்க கணக்குப் போட்ட மாதிரியே. மாட்டிக்கிச்சுடான்னு தலைகால் புரியாம ஆடினோம், நான் இயக்குநர்கிட்ட சொல்லியும் தொலைச்சுட்டேன். அப்புறம் பராமரிப்புக்காக உலையை நிறுத்தினாங்க. உலை நின்னா நியூட்ரினோ நிக்கணும், துடிப்பும் நிக்கணும். நிக்கலை. கருவியோட வடிவமைப்பு தேறலைன்னா குழுவையே கலைச்சிடுவேன்னு இயக்குநர் சொல்லிட்டார். தாங்கள் ஊருக்குக் கிளம்பினீங்க, அன்னிக்கோட துடிப்பும் காலி. அப்பதான் கூட வேலை பார்க்கிறவர், "சாயங்காலம் மேல டக் டக்னு ஒரே நடையா இருந்துச்சே, இப்ப காணோமே" என்றார். அந்த அதிர்வு மாமனார் காலடிதான்னு எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுது.

போனில் சொன்னேன். தாங்கள் கோபிக்கவே இல்லை. "சரிங்க மாப்பிள்ளை, இனிமே மெதுவா நடக்கிறேன்" என்றீர்கள். எந்த மாமனாருக்கு இந்த மனசு வரும்? தங்கள் காலடியால்தான் எங்கள் குறை தெரிந்தது. இப்போது அதிர்வு எட்டாதபடி படிகத்தை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டிருக்கிறோம். அடுத்த வாரம் இயக்குநர் முன்னால் கடைசிச் சோதனை. அதுவரை தாங்கள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாமென்று காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசி எங்கள் படிகத்துக்கும் சேர்த்து வேண்டும்.

தங்கள் நன்றி மறவாத
மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டும் முன் தங்கள் மகள் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அந்த முழங்காலை வச்சுக்கிட்டு அப்பா வராந்தா பெஞ்சை விட்டு எந்திரிச்சாராக்கும்? பேச ஆரம்பிச்சா குறுக்கும் நெடுக்கும் நடக்கிறது யாரு?" என்கிறாள். மாமா, நடந்தது நான்தான். தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? இதற்கிடையில் இயக்குநர் போன் செய்தார். ஸ்பிரிங் தாங்குகிறதா என்று பார்க்க, சோதனையன்று மேலே அதே நடை வேண்டுமாம். இப்போதே வீட்டில் நடந்து பார்த்தேன், பூனை நடை மாதிரி இருக்கிறது. கேட்க ஆளில்லாமல் எனக்கு அந்த நடை வரவில்லை. தங்களுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். தாங்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் போதும்.